நிலத்தை அளந்த அதிபர், அளக்காமல் விட்ட ராணுவம்: குவாத்தமாலா 1951–54, ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது

குவாத்தமாலாவின் அதிபர் ஹகோபோ ஆர்பென்ஸ் குஸ்மான் 1951 மார்ச் 15 அன்று பதவியேற்றார். 1954 ஜூன் 27 இரவு வானொலியில் பதவி விலகலை அறிவித்தார். இடைப்பட்ட மூன்றே கால் ஆண்டுகளும், அதற்கு முன்னும் பின்னுமான அவருடைய வாழ்க்கையும்தான் இங்கே பேசப்படுவது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு அணி. வாழைப்பழக் கம்பெனிக்காக சி.ஐ.ஏ. கவிழ்த்த ஆட்சி என்பது ஒன்று. கம்யூனிஸ்டுகளின் பிடிக்குள் போன ஆட்சி என்பது மற்றது. முதலாவதில் உண்மை அதிகம். அமெரிக்க அரசே பிற்காலத்தில் வெளியிட்ட ஆவணங்கள் அதை உறுதி செய்கின்றன. ஆனால் இரண்டு தரப்புமே ஒரு கேள்வியைக் கேட்காமல் தாண்டிப் போகின்றன. எல்லை தாண்டி வந்தவர்கள் சுமார் 480 பேர். அரசிடம் சுமார் 5,000 பேர் கொண்ட ராணுவம் இருந்தது. அதிபர் அதே ராணுவத்தில் கர்னலாக இருந்தவர். அப்படியிருந்தும் பத்தே நாளில் ஆட்சி எப்படி விழுந்தது?

அதிபர், அமைச்சர், தூதர் போன்றவர்களைப் பெயரோடு குறிப்பிடுகிறேன். மற்ற அதிகாரிகள், தொழிலாளிகள் பெயரின்றி வருவார்கள்.

பின்னணி: விரும்பாமல் சேர்ந்த ராணுவம்

ஆர்பென்ஸ் 1913 செப்டம்பர் 14 அன்று மேற்கு மலைநாட்டு நகரமான கெட்சால்தெனாங்கோவில் பிறந்தார். தந்தை சுவிட்சர்லாந்திலிருந்து வந்து மருந்துக்கடை வைத்தவர். தாய் உள்ளூர்க்காரர், பள்ளி ஆசிரியை. வசதியாகத் தொடங்கிய குடும்பம், தந்தை மார்ஃபின் பழக்கத்துக்கு ஆளான பிறகு நொடித்துப் போனது. பிற்பாடு தந்தை தற்கொலை செய்துகொண்டார்.

மகனுக்கு ராணுவ ஆசை இருந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கப் பணமில்லை; எஸ்குவேலா பொலிதெக்னிகா என்ற ராணுவக் கல்லூரியில் உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1932இல் சேர்ந்து 1935இல் வெளியே வந்தபோது, அந்தக் கல்லூரி அதுவரை கண்ட சிறந்த மாணவர்களில் ஒருவர் என்று பெயர். முதல் வேலைகளில் ஒன்று சான் ஹோசே கோட்டையில். சங்கிலியில் பிணைத்த கைதிகளைக் கட்டாய வேலைக்கு ஓட்டிப்போகும் காவல் அது. அந்தக் கைதிகளில் அரசியல் கைதிகளும் உண்டு. பிறகு அதே கல்லூரிக்கு ஆசிரியராகத் திரும்பினார். எல் சால்வதோரின் பெரிய நிலக்கிழார் குடும்பத்துப் பெண்ணான மரியா கிறிஸ்தினா விலானோவாவை மணந்தார். அரசியல், பொருளாதாரப் புத்தகங்கள் வீட்டுக்குள் வந்ததில் அவர் பங்கு பெரிது.

அப்போது நாட்டை ஆண்டவர் ஹோர்கே உபிகோ (1931–44). பழைய கடன் கொத்தடிமை முறையை அவர் ஒழித்தார் என்பது உண்மை. அதன் இடத்தில் வந்தது நாடோடித் தடைச் சட்டம். நிலமில்லாத, அல்லது கையகல நிலம் மட்டுமே வைத்திருந்த பூர்வகுடி மாயா விவசாயி ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 100 முதல் 150 நாள் வரை பண்ணைகளில் வேலை செய்தாக வேண்டும். செய்த நாட்களைப் பதிய ஒரு சிறு கையேடு. அதை எப்போதும் மடியில் வைத்திருக்க வேண்டும். கணக்கில் நாள் குறைந்தால் சிறை, அல்லது சாலை வேலை. காபித் தோட்டங்களுக்கு ஆள் தட்டுப்பாடு வராமல் இருந்ததன் ரகசியம் இந்தக் கையேடுதான்.

1944 ஜூனில் ஆசிரியர்களும் மாணவர்களும் வீதிக்கு வந்தார்கள். ஊர்வலத்தில் ஓர் ஆசிரியை சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று உபிகோ விலகி, தன் ஆட்களிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆர்பென்ஸ் ராணுவத்திலிருந்து விலகி எல் சால்வதோருக்குப் போய்ச் சதி வேலையைத் தொடங்கினார். அக்டோபர் 20 அன்று தலைநகரின் முக்கியப் படைமுகாமான குவார்தியா தெ ஹோனோர் அரசுக்கு எதிராகத் திரும்பியது. ஆயுதக் கிடங்கு திறக்கப்பட்டு மாணவர்கள், தொழிலாளிகள் கைகளில் துப்பாக்கிகள் கொடுக்கப்பட்டன. ஒரே நாளில் ஆட்சி கவிழ்ந்தது. துப்பாக்கிகள் கைமாறிய அந்த இரவை நினைவில் வைத்திருங்கள். பத்து ஆண்டு கழித்து அதே கேள்வி வந்தபோது பதில் வேறாக இருந்தது.

1945–50: இரண்டு கர்னல்கள்

புரட்சிக்குப் பின் மூவர் குழு ஆண்டது: ஆர்பென்ஸ், பிரான்சிஸ்கோ ஹவியேர் அரானா, ஹோர்கே தொரியேயோ. தேர்தலில் பேராசிரியர் ஹுவான் ஹோசே அரேவலோ அதிபரானார். ஆர்பென்ஸ் பாதுகாப்பு அமைச்சர். அரானா ஆயுதப்படைத் தலைவர். இந்த இரண்டாவது பதவி அரானாவுக்காகவே உருவாக்கப்பட்டது போலிருந்தது: அமைச்சருக்குப் பெரிதாகக் கட்டுப்படாத, படை நியமனங்களைக் கையில் வைத்திருந்த பதவி. ஒரு படைக்கு இரண்டு தலைமை.

1949 ஜூலை 18 அன்று அரானா ஆயுதக் குவியல் ஒன்றைப் பார்க்க அமாதித்லான் ஏரிக்கரைக்குப் போய்விட்டுத் திரும்பினார். வழியில் குளோரியா பாலத்தில் அவர் காரை மறித்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் அவர் இறந்தார். கைது செய்யப் போன இடத்தில் சண்டை மூண்டது என்பது ஆர்பென்ஸ் தரப்பின் கதை. முறையான விசாரணை நடக்கவில்லை. யாரும் தண்டிக்கப்படவும் இல்லை. அரானாவின் ஆட்கள் அன்றே கலகம் செய்தார்கள், அது அடக்கப்பட்டது. அதிலும் தொழிற்சங்கத்தினர் அரசின் பக்கம் நின்று உதவினார்கள்.

இந்தச் சம்பவத்தை ஆர்பென்ஸ் ஆதரவாளர்கள் சங்கடத்தோடு சீக்கிரம் கடந்துவிடுவார்கள். ஆனால் ராணுவத்துக்கும் அவருக்கும் இருந்த உறவைப் புரிந்துகொள்ள இது முக்கியம். அரானாவை மதித்த அதிகாரிகள் ஏராளம். அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள், மறந்துவிடவில்லை.

1950 நவம்பர் தேர்தலில் பதிவான சுமார் 4,04,000 வாக்குகளில் ஆர்பென்ஸ் 2,58,000க்கு மேல் பெற்றார். அடுத்து வந்த இடிகோராஸ் ஃபுவெந்தேசுக்கு 72,000க்குச் சற்று மேல். வாக்குரிமையில் குறைகள் இருந்தன: எழுதப் படிக்கத் தெரியாத ஆண்கள் பகிரங்கமாகத்தான் வாக்களிக்க முடியும், எழுத்தறிவில்லாத பெண்களுக்கு வாக்கே இல்லை.

கவனித்தவை: நாட்டின் கைகால்கள் யாரிடம்

1950 கணக்கெடுப்பின்போது மக்கள்தொகை சுமார் 28 லட்சம். நில உடைமையாளர்களில் 2 சதவீதம் பேரிடம் விளைநிலத்தில் 72 சதவீதம் இருந்தது. பெரிய பண்ணைகளில் பெரும்பகுதி தரிசாகக் கிடந்தது. பக்கத்திலேயே மலைச்சரிவில் ஒரு துண்டு மக்காச்சோளக் காட்டை வைத்துக்கொண்டு குடும்பங்கள் அல்லாடின.

அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியான யுனைடெட் ஃப்ரூட்டிடம் சுமார் 5,50,000 ஏக்கர் இருந்தது. அதில் 85 சதவீதம் பயிரிடப்படாத நிலம். வாழையில் நோய் வந்தால் இடம் மாற்றிப் பயிரிடக் கையிருப்பு நிலம் வேண்டும் என்பது கம்பெனியின் வாதம். பனாமா வாடல் நோய் நிஜம்தான், அதனால் அந்த வாதத்தை முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் நிலம் மட்டும் அல்ல. நாட்டின் ஒரே அட்லாண்டிக் துறைமுகமான புவெர்த்தோ பாரியோஸ் அவர்கள் பிடியில். அதற்குப் போகும் ரயில்வேயும் அவர்கள் கட்டுப்பாட்டில். ஒரு காபி வியாபாரி தன் மூட்டையைக் கப்பலேற்ற வேண்டுமானால் கம்பெனி கேட்ட கட்டணத்தைக் கொடுக்க வேண்டியதுதான்.

முதல் முடிவு: பறிப்பதை விடப் போட்டி

ஆர்பென்ஸ் ரயிலையோ துறைமுகத்தையோ நாட்டுடைமை ஆக்கவில்லை. ரயிலுக்குப் போட்டியாகத் தலைநகரிலிருந்து அட்லாண்டிக்குக்கு ஒரு நெடுஞ்சாலை, புவெர்த்தோ பாரியோசுக்குப் போட்டியாகப் பக்கத்திலேயே சாந்தோ தோமாஸில் அரசுத் துறைமுகம், அமெரிக்க முதலாளிகள் கையிலிருந்த மின்கம்பெனிக்குப் போட்டியாக ஹுருன் மரினாலா நீர்மின் நிலையம். இதுதான் திட்டம். பதவியேற்பு உரையில் அவர் சொன்ன இலக்கு சோஷலிசம் அல்ல; அரை நிலப்பிரபுத்துவத்திலிருந்து நவீன முதலாளித்துவ நாட்டுக்கு மாறுவது. உலக வங்கியின் ஆய்வுக்குழு 1951இல் தந்த அறிக்கையும் சாலைக்கும் மின்சாரத்துக்கும் முதலிடம் தரச் சொன்னது.

இந்த முடிவில் குறை காண எதுவும் இல்லை. மெதுவாகப் பலன் தரும் வழி, அவ்வளவே. சாலை முடிவதற்குள் ஆட்சி முடிந்துவிட்டது.

இரண்டாவது முடிவு: ஆணை 900

1952 ஜூன் 17 அன்று நிலச்சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. ஆணை 900 என்றே எல்லோரும் அதை அழைத்தார்கள். இரண்டு கபயேரியா வரையிலான பண்ணைகளை (90 ஹெக்டேர், சுமார் 224 ஏக்கர்) சட்டம் தொடவே இல்லை. இரண்டுக்கும் ஆறுக்கும் இடையிலான பண்ணைகளில் மூன்றில் இரண்டு பங்கு பயிராகியிருந்தால் அவற்றுக்கும் விலக்கு. அதற்கு மேற்பட்ட பண்ணைகளிலும் தரிசும் குத்தகைக்கு விட்ட நிலமும்தான் குறி. முதலாளி தானே பயிர் செய்த நிலம் தப்பியது. உச்சவரம்புச் சட்டங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது மிதமான சட்டமாகவே தெரியும்.

நிலம் பெற்றவர்கள் சிலருக்கு ஆயுள்கால அனுபவ உரிமை, சிலருக்கு முழு உரிமை. முதல் வகையினர் ஆண்டு விளைச்சலில் 3 சதவீதமும், இரண்டாம் வகையினர் 5 சதவீதமும் அரசுக்குச் செலுத்த வேண்டும். பணம் இல்லாமல் நிலம் மட்டும் கொடுத்தால் ஒரே போகத்தில் அது கந்துவட்டிக்காரனிடம் போய்விடும் என்பதை உணர்ந்து 1953இல் தேசிய விவசாய வங்கியையும் தொடங்கினார்கள். கொடுத்த கடனில் பெரும்பகுதி ஒழுங்காகத் திரும்பி வந்தது.

செயல்படுத்திய விதத்தில்தான் இதன் துணிச்சல் இருந்தது. எந்த நிலம் தரிசு என்று மனுக் கொடுப்பது உள்ளூர்க்காரர்கள். விசாரிப்பது உள்ளூர் நிலக்குழு. அதில் ஐந்து பேர்: மாகாண ஆளுநர் நியமிப்பவர் ஒருவர், ஊராட்சி நியமிப்பவர் ஒருவர், மற்ற மூவர் விவசாயிகள் சங்கம் அல்லது தொழிற்சங்கத்திலிருந்து. மேல்முறையீடு மாகாணக் குழுவுக்கு, பிறகு தேசியத் துறைக்கு, கடைசியில் அதிபருக்கே. நீதிமன்றத்துக்கு இடமில்லை. நேற்றுவரை மடியில் வேலைநாள் கையேட்டை வைத்துக்கொண்டு கங்காணி முன் நின்ற மாயா விவசாயி, இன்று குழு உறுப்பினராக அதே பண்ணைக்குள் நடந்து எது தரிசு, எது பயிர் என்று குறித்தார். பண்ணையாருக்கு நிலம் போனதை விட இது அதிகம் உறைத்திருக்கும்.

நீதிமன்றத்தை ஒதுக்கியதற்குக் காரணம் புரிகிறது: ஒவ்வொரு வழக்கும் பத்து ஆண்டு இழுக்கும். ஆனாலும் 1953 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு நிலக்கிழாரின் மனுவை ஏற்றுக் கையகப்படுத்துவதை நிறுத்தி வைத்தது. நாடாளுமன்றம் நீதிபதிகள் நால்வரை நீக்கிவிட்டது. அதுவரை நடுநிலையாக இருந்த வழக்கறிஞர்கள், நகர நடுத்தர வர்க்கத்தினர் பலர் எதிரணிக்குப் போனது அப்போதுதான். நீதிபதிகளை நீக்கியது இந்த ஆட்சியின் மிக மோசமான உள்நாட்டு முடிவு என்பது என் கணிப்பு.

சில இடங்களில் விவசாயிகள் குழுவுக்குக் காத்திராமல் தாங்களே நிலத்தில் இறங்கினார்கள், மோதல்களும் நடந்தன. ஆனால் 1954 ஜூன் வாக்கில் சுமார் 14 லட்சம் ஏக்கர் கையகப்படுத்தப்பட்டு, சுமார் ஒரு லட்சம் குடும்பங்கள், அதாவது ஐந்து லட்சம் பேர் அளவுக்குப் பயன் பெற்றிருந்தார்கள். மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கு. ஆர்பென்ஸும் தன் நிலத்தில் ஒரு பகுதியைச் சட்டத்தின்படி விட்டுக் கொடுத்தார்.

இழப்பீட்டுக் கணக்கு

நிலத்துக்கு விலை எப்படிப் போடுவது? 1952 மே வரையிலான வரிக்கணக்கில் முதலாளி தானே காட்டிய மதிப்பு எதுவோ, அதுவே இழப்பீடு. 25 ஆண்டுப் பத்திரங்கள், 3 சதவீத வட்டி. பத்திரத்தில் ஒரு விலை, பேச்சில் ஒரு விலை என்று நிலம் கைமாறுவதைப் பார்த்த நமக்கு இதன் சூட்சுமம் விளங்க நேரமாகாது. வரி குறையட்டும் என்று ஆண்டுக்கணக்கில் மதிப்பைக் குறைத்துக் காட்டியவர்கள் அதே கணக்கில் மாட்டிக்கொண்டார்கள்.

பசிபிக் பக்கமுள்ள திகிசாத்தேயில் எடுத்த சுமார் 2,10,000 ஏக்கருக்கு யுனைடெட் ஃப்ரூட்டுக்கு அரசு தர முன்வந்தது 6,27,572 டாலர், ஏக்கருக்கு மூன்று டாலர் அளவில். 1954 ஏப்ரல் 20 அன்று 1,58,54,849 டாலர் கேட்டுக் கடிதம் வந்தது. ஏக்கருக்கு 75 டாலர். கவனிக்க வேண்டியது கடிதத்தை அனுப்பியவர் யார் என்பது. கம்பெனி அல்ல, அமெரிக்க வெளியுறவுத் துறை. அதன் செயலர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் முன்பு பங்காளியாக இருந்த சல்லிவன் அண்ட் குரோம்வெல் என்ற வழக்கறிஞர் நிறுவனம் கம்பெனிக்காக வேலை பார்த்தது. அவர் தம்பி ஆலன் டல்லஸ் சி.ஐ.ஏ.வின் தலைவர்.

இதிலிருந்து நேராக "வாழைப்பழத்துக்காகக் கவிழ்த்தார்கள்" என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் ஆட்சி கவிழ்ந்த அடுத்த வாரமே, 1954 ஜூலை 2 அன்று, அமெரிக்க நீதித்துறை அதே கம்பெனி மீது ஏகபோகத் தடை வழக்குப் போட்டது. வாஷிங்டனின் பயம் உண்மையிலேயே கம்யூனிசத்தைப் பற்றியதாகவும் இருந்தது. நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்டுகள் நால்வர் மட்டுமே. அமைச்சரவையில் ஒருவரும் இல்லை. ஆனால் அதிபரின் நெருங்கிய ஆலோசகர் கட்சித் தலைவர் ஹோசே மானுவேல் ஃபோர்துனி. ஆணை 900இன் வரைவில் அவர் கை இருந்தது. எண்ணிக்கையைக் காட்டி ஆர்பென்ஸ் தரப்பு மறுத்தது. நெருக்கத்தைக் காட்டி வாஷிங்டன் பயந்தது. இரண்டு பக்கமும் சொன்ன தகவல் சரிதான்.

எதிரே நடந்தவை

1952இலேயே அமெரிக்க அதிபர் ட்ரூமன் காலத்தில் நிகராகுவாவின் சர்வாதிகாரி சொமோசா உதவியோடு ஆட்சியைக் கவிழ்க்க ஒரு திட்டம் தொடங்கி, ரகசியம் கசிந்ததால் நின்றது. 1953 ஆகஸ்டில் ஐசனோவர் அரசு புதிய திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது; ஒதுக்கீடு 27 லட்சம் டாலர்; பெயர் பி.பி.சக்சஸ். நாடு கடந்து வாழ்ந்த கர்னல் கார்லோஸ் காஸ்தியோ அர்மாஸ் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆர்பென்ஸ் படித்த அதே ராணுவக் கல்லூரியில் படித்தவர்.

அக்டோபரில் புதிய அமெரிக்கத் தூதராக ஜான் பியூரிஃபாய் வந்தார். டிசம்பர் 16 இரவு அதிபர் தம்பதியோடு ஆறு மணிநேரம் விருந்துப் பேச்சு. ஆர்பென்ஸ் யுனைடெட் ஃப்ரூட்டைப் பற்றிப் பேசினார், தூதர் கம்யூனிஸ்டுகளைப் பற்றிப் பேசினார். இரண்டு பேச்சும் ஒரே மேஜையில் தனித்தனியாக நடந்தன. இவர் கம்யூனிஸ்ட் இல்லையென்றாலும், நிஜக் கம்யூனிஸ்ட் ஒருவர் வரும்வரை இவரே போதும் என்ற பொருளில் தூதர் அறிக்கை அனுப்பினார்.

1954 மார்ச்சில் வெனிசுலாவின் காரகாஸில் நடந்த அமெரிக்கக் கண்ட நாடுகளின் மாநாட்டில் கம்யூனிசத்துக்கு எதிரான தீர்மானம் 17–1 என நிறைவேறியது. எதிர்த்தது குவாத்தமாலா மட்டும். மெக்சிகோவும் அர்ஜென்டினாவும் வாக்களிக்கவில்லை. கோஸ்தாரிக்கா மாநாட்டுக்கே வரவில்லை.

மூன்றாவது முடிவு: அல்ஃபெம் கப்பல்

அமெரிக்கா சில ஆண்டுகளாக ஆயுதம் விற்க மறுத்து வந்தது. மற்ற நாடுகளையும் தடுத்தது. ஹோண்டுராசுக்கும் நிகராகுவாவுக்கும் ஆயுதம் போய்க்கொண்டிருந்தது. ஆர்பென்ஸ் செக்கோஸ்லோவாக்கியாவிடம் ரொக்கம் கொடுத்து வாங்கினார். 1954 மே 15 அன்று அல்ஃபெம் என்ற ஸ்வீடன் கப்பல் 2,000 டன் சரக்கோடு புவெர்த்தோ பாரியோஸ் வந்து சேர்ந்தது. சரக்குப் பட்டியலில் கண்ணாடிக் கருவிகள் என்று எழுதியிருந்தது.

வாங்கியதில் தவறில்லை, எந்த அரசும் செய்வதுதான். ஆயுதங்களில் ஒரு பகுதியைத் தொழிலாளர் படைக்கு ஒதுக்கும் எண்ணம் இருந்ததாக அதிபருக்கு நெருக்கமானவர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். ராணுவம் முந்திக்கொண்டு மொத்தத்தையும் தன் கிடங்கில் வைத்துக்கொண்டது. பெட்டிகளைத் திறந்தால் பல ஆயுதங்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்து மிச்சம். ஆக, எதிரிக்குச் சாட்சி கிடைத்தது, தொழிலாளிக்குத் துப்பாக்கி கிடைக்கவில்லை, "நம் முதுகுக்குப் பின்னால் யாருக்கோ ஆயுதம் வாங்குகிறார்" என்ற சந்தேகம் மட்டும் அதிகாரிகளிடம் தங்கியது. ஜூன் முதல் வாரத்தில் மூத்த அதிகாரிகள் எழுத்துமூலமாகவே அதிபரிடம் கேள்விகள் கொடுத்தார்கள். சாரம் ஒன்றுதான்: கம்யூனிஸ்டுகளை ஏன் இன்னும் கூட வைத்திருக்கிறீர்கள்?

படைத்தலைமை வெளிப்படையாகப் பேசிய கடைசித் தருணம் இது. ஆர்பென்ஸ் தன் கொள்கையை விளக்கிப் பதில் சொன்னார். பதில் நியாயமானது, ஆனால் கேள்வி கொள்கை பற்றியது அல்ல. அமெரிக்கா நேரே இறங்கினால் எங்கள் கதி என்ன என்பதுதான் அவர்கள் நெஞ்சில் இருந்தது. சம்பளத்தையும் சலுகைகளையும் உயர்த்தி அதிகாரிகளை வைத்திருந்தார். அந்தச் சலுகை விசுவாசம் அமைதிக் காலத்துக்குப் போதும்.

ஜூன் 18 முதல் 27 வரை

மே 1 முதலே "விடுதலைக் குரல்" என்ற வானொலி ஒலித்தது. காட்டுக்குள்ளிருந்து பேசுகிறோம் என்றது. நிகழ்ச்சிகள் மயாமியில் பதிவாயின. புதிய ஆண்டெனா பொருத்துவதற்காக அரசு வானொலி மூன்று வாரம் நின்று போனதும் அதே மாதத்தில்தான். நாடே அந்த ஒற்றைக் குரலைக் கேட்டது. விமானப்படையின் முன்னாள் அதிகாரி ஒருவர் விமானத்தோடு தப்பிப் போனார். மற்ற விமானிகளுக்கு அறைகூவல் விடுக்க முதலில் மறுத்தவரைக் குடிக்க வைத்துப் பேசவிட்டு, பதிவை வெட்டி ஒட்டி ஒலிபரப்பினார்கள். இனி யாரை நம்புவது என்று ஆர்பென்ஸ் விமானப்படையைத் தரையிலேயே நிறுத்திவிட்டார். ஜூன் 8 அன்று குடிமக்களின் அடிப்படை உரிமைகள் நிறுத்தி வைக்கப்பட்டன; எதிர்ப்பாளர்கள் கைதானார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். ஆதரவாளர்கள் எழுதும் வரலாறுகளில் இந்த வரி சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

ஜூன் 18 அன்று காஸ்தியோ அர்மாஸ் ஹோண்டுராஸிலிருந்து எல்லை தாண்டினார். போர் என்ற அளவில் அவருடைய படை படுதோல்வி. எல் சால்வதோர் வழியாக வரவேண்டிய பிரிவை அந்த நாட்டுப் போலீசே பிடித்து ஆயுதங்களைப் பறித்தது. புவெர்த்தோ பாரியோசைத் தாக்க வந்த சுமார் 170 பேரைப் போலீசாரும் துறைமுகத் தொழிலாளிகளும் விரட்டினார்கள். குவாலான் என்ற சிற்றூரில் சுமார் 30 வீரர்கள் மட்டுமே இருந்தார்கள். அவர்களுக்குத் தலைமை ஓர் இளம் லெப்டினன்ட். 122 பேர் தாக்க வந்தார்கள். 36 மணிநேரச் சண்டைக்குப் பின் வந்தவர்களில் சுமார் 30 பேர்தான் தப்பினார்கள்.

ஆர்பென்ஸ் அப்போது செய்தது நிதானமான கணக்கு. படையெடுப்பாளர்களை நாட்டுக்குள் வரவிட்டு, சகாபா நகரில் குவித்த ராணுவத்தை வைத்து மொத்தமாக நசுக்குவது. எல்லையிலேயே மோதினால் ஹோண்டுராஸ் மண்ணில் குண்டு விழும், அமெரிக்கா அதையே சாக்காக்கும் என்பது அச்சம். கணக்கில் பிழையில்லை. சகாபாவில் இருந்த அதிகாரிகளுக்குச் சண்டை போடும் எண்ணம் இல்லை என்பது மட்டும் அதில் சேரவில்லை. ஜூன் 24 அன்று சிக்கிமுலா நகரம் ஏறக்குறைய எதிர்ப்பில்லாமல் விழுந்தது. முன்னணி நிலவரம் பார்க்க அனுப்பப்பட்ட கர்னல் ஒருவர் ஜூன் 25 அன்று திரும்பி வந்து சொன்னார்: சகாபா அதிகாரிகள் சண்டையிட மாட்டார்கள், அதிபர் விலகாவிட்டால் எதிரியோடு சமாதானம் பேசிவிடுவார்கள்.

குவாலானின் இளம் அதிகாரி சண்டையிட்டார், சகாபாவின் மூத்த அதிகாரிகள் மறுத்தார்கள். மூத்தவர்கள் காஸ்தியோ அர்மாஸை நினைத்து அஞ்சவில்லை. அவரைத் தோற்கடித்தால் அமெரிக்கக் கடற்படை வந்து இறங்கும் என்று அஞ்சினார்கள்.

நான்காவது முடிவு

ஆர்பென்ஸ் அன்றே தொழிற்சங்கங்களுக்கும் விவசாயிகள் சங்கங்களுக்கும் ஆயுதம் கொடுக்க உத்தரவிட்டார். 1944இல் திறந்த கிடங்கு இப்போது திறக்கவில்லை, சாவி ராணுவத்திடம். உத்தரவு கிடப்பில் போனது. ஜூன் 27 அன்று படைத்தலைவர் கர்னல் கார்லோஸ் என்ரிக்கே தியாஸ் தலைமையில் மூத்த அதிகாரிகள் வந்து விலகச் சொன்னார்கள். தியாஸ் நண்பர், காஸ்தியோ அர்மாஸோடு பேரம் பேசமாட்டேன், சீர்திருத்தங்களைக் காப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். ஆர்பென்ஸ் நம்பினார். ஃபோர்துனி உரையை எழுதினார், ஒலிபரப்பை சி.ஐ.ஏ. இடைமறித்துக் குலைத்ததால் பலருக்குச் சரியாகக் கேட்கவே இல்லை.

தியாஸால் இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பியூரிஃபாயின் நெருக்கடியில் பதினொரு நாளில் ஐந்து ராணுவக் குழுக்கள் மாறி, ஜூலை தொடக்கத்தில் காஸ்தியோ அர்மாஸ் தலைமைக்கு வந்தார்.

பின்விளைவு

ஆணை 900 ரத்தானது. பகிர்ந்த நிலத்தில் பெரும்பகுதி பழைய முதலாளிகளுக்கே திரும்பியது. எழுத்தறிவில்லாதவர்கள் வாக்கை இழந்தார்கள். கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகித்து சுமார் 72,000 பெயர்களைப் பட்டியலிட்டார்கள்.

ஆகஸ்ட் 2 அன்று பொலிதெக்னிகா ராணுவக் கல்லூரி மாணவர்கள் துப்பாக்கியெடுத்தார்கள். தங்களை அவமதித்த காஸ்தியோ அர்மாஸின் "விடுதலைப் படை" தங்கியிருந்த ரூஸ்வெல்ட் மருத்துவமனைக் கட்டடத்தைத் தாக்கிச் சரணடைய வைத்தார்கள். அமெரிக்கத் தூதர் தலையிட்ட பிறகுதான் அடங்கியது. மூத்தவர்கள் செய்ய மறுத்ததைப் பையன்கள் ஒரே நாளில் செய்து காட்டினார்கள், ஐந்து வாரம் தாமதமாக.

ஆர்பென்ஸ் மெக்சிகோ தூதரகத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் அடைந்து கிடந்தார். செப்டம்பரில் நாட்டை விட்டுப் போகும்போது விமான நிலையத்தில் உடைகளைக் களைய வைத்துச் சோதித்துப் படமும் எடுத்தார்கள். பிறகு மெக்சிகோ, சுவிட்சர்லாந்து, பாரிஸ், பிராக், மாஸ்கோ, உருகுவே, கியூபா. தந்தையின் நாடான சுவிட்சர்லாந்து, குவாத்தமாலா குடியுரிமையைத் துறந்தால் தங்கலாம் என்றது, அவர் மறுத்தார். கம்யூனிஸ்ட் கட்சியில் முறைப்படி சேர்ந்தது 1957இல், ஆட்சி போய் மூன்று ஆண்டு கழித்து. மூத்த மகள் 1965இல் தற்கொலை செய்துகொண்டார். 1971 ஜனவரி 27 அன்று ஆர்பென்ஸ் மெக்சிகோ நகரில் குளியல் தொட்டியில் இறந்து கிடந்தார். எல் சால்வதோரில் புதைத்த உடல் 1995இல் தாயகம் வந்தது. 2011இல் குவாத்தமாலா அரசு குடும்பத்திடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டு, அவர் தொடங்கிய அட்லாண்டிக் நெடுஞ்சாலைக்கு அவர் பெயரையே வைத்தது.

1960இல் இளம் அதிகாரிகளின் கலகத்தோடு தொடங்கிய உள்நாட்டுப் போர் 1996 வரை நீடித்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக இரண்டு லட்சத்துக்கு மேல்; பெரும்பாலோர் மாயா மக்கள்.

மாற்றியிருக்கக்கூடியவை

வாஷிங்டனின் முடிவை ஆர்பென்ஸால் மாற்றியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஃபோர்துனியை விலக்கியிருந்தாலும் நிலச்சட்டம் இருந்திருக்கும். நிலச்சட்டத்தை விட்டிருந்தால் ஆட்சியே எதற்கு? கம்பெனிக்கு மட்டும் கூடுதல் விலை என்று சமரசம் செய்திருந்தால் சில மாதம் கிடைத்திருக்கலாம். அதற்கு உள்ளூர் நிலக்கிழார்களிடம் என்ன பதில் சொல்வது என்ற சிக்கல் உடனே வந்திருக்கும்.

அவர் கையிலிருந்தவை மூன்று. 1953இல் நீதிபதிகளை நீக்காமல், நிலவழக்குகளுக்குக் கால வரம்போடு தனித் தீர்ப்பாயம் அமைத்திருக்கலாம். நகரத்து வழக்கறிஞர்களையாவது தக்கவைத்திருக்கும். தொழிலாளர் படை வேண்டுமா வேண்டாமா என்பதைச் சட்டமாகவே நாடாளுமன்றத்தில் வைத்து, ராணுவத்தோடு வெளிப்படையாக மோதியிருக்கலாம். கப்பல் வந்த பிறகு ஒளித்து வைத்துச் செய்யப்பார்த்தது இரண்டு பக்கமும் நஷ்டம். இதை 1952இல் செய்திருந்தால் ஆட்சி அப்போதே கவிழ்ந்திருக்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு. அதை லேசாகத் தள்ள முடியாது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரானா கொலைக்குப் பின் பதவி உயர்வும் சலுகையும் கொடுத்து அமைதியாக்கிய மூத்த அதிகாரிகளையே 1954இலும் முன்னணிக்கு அனுப்பினார். ஒரு லட்சம் குடும்பங்களுக்கு நிலம் போனது. கிராமத்திலிருந்து வந்த சிப்பாயின் வீட்டுக்கும் அதில் ஒரு பங்கு போயிருக்கும். அந்தச் சிப்பாய்களோடும் குவாலான் லெப்டினன்ட் போன்ற இளையவர்களோடும் நேரே பேச ஆர்பென்ஸ் ஒரு நாளும் சகாபாவுக்குப் போகவில்லை. தலைநகரிலிருந்து அங்கே ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.